அடித்தட்டில் ஓர் உள்ளறை

நம் வகுப்புக் குழுவில் மூன்று வாரமாக ஒரே கப்பல் பேச்சாக இருக்கிறது. எல்லோருக்கும் ஐம்பது நெருங்குகிறது, குடும்பத்தோடு ஒரு கடல் பயணம் போனால் என்ன என்று உங்களில் ஒருத்தி ஆரம்பித்தாள், அவ்வளவுதான். பால்கனி வைத்த அறையா, சன்னல் மட்டும் போதுமா, எட்டாவது தளமா, பத்தாவதா, முன்பக்கம் ஆடுமா, பின்பக்கம் ஆடுமா என்று நான் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அறுபது எழுபது செய்தி வந்து கிடக்கிறது. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்று இரண்டு பேருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். வருத்தப்பட வேண்டாம். கப்பலில் அறை பிடிப்பதற்கு என் வீட்டில் ஒரு மாதம் நடந்த கூத்தைப் பார்த்தவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குப் பல் கூசும்.

அப்பாவுக்கு மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை. சில வருஷங்களுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது போய்வர அவருக்குச் சலுகை உண்டு. அந்த வருஷம் அவர் கூட வேலை பார்த்த ஒருவர் கொச்சியிலிருந்து கப்பலேறி லட்சத்தீவுக்குப் போய்வந்து, அங்கே தண்ணீர் என்ன நிறம் என்று ஒரு வாரம் சொல்லியிருக்கிறார். அப்பா அதில் விழுந்துவிட்டார். ஐந்து நாள் பயணம். பகலில் தீவு, ராத்திரி கப்பலிலேயே படுக்கை. மழைக்கு முந்திய கடைசிக் கப்பல் மே மாதத்தில். எங்கள் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் அவர் ஒரு சுருட்டிய தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கப்பலின் வரைபடம்.

அந்தத் தாள் பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. இரண்டு ஜெராக்ஸ் தாளை ஒட்டிப் பெரிதாக்கியது. மூன்று தட்டும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொரு தட்டிலும் தீப்பெட்டி அடுக்கினது மாதிரி அறைகள், எண்களோடு. அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் தேங்காய் எண்ணெய்க் குப்பி, ஊறுகாய்ப் பாட்டில், டார்ச், பாட்டுப் புத்தகம் என்று வைத்து அழுத்தினார். அன்றிலிருந்து ஒரு மாதம் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

அப்பா எப்படிப்பட்டவர் என்றால், நெய்யாற்றின்கரை வரை போகிற பஸ்ஸில்கூட எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு பக்கம் உட்கார்ந்தபின் மறுபக்கமே மேல் என்று தோன்றி எங்களை எல்லாம் எழுப்பி மாற்றுவார். அவர் கையில் நூறு அறையுள்ள கப்பலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் எங்கே கேட்கும், எந்த மாடிப்படியில் கூட்டம் ஏறி இறங்கும், நடுப்பகுதி ஆடாது என்றால் எதுவரை நடுப்பகுதி. பென்சிலால் வட்டம் போடுவார், அழிப்பார், பக்கத்து அறைக்குப் போடுவார். ரப்பர் தேய்த்துத் தேய்த்து மேல்தட்டில் இரண்டு அறை ஓட்டையாகவே போய்விட்டது.

அம்மாவுக்கு வேறு நிபந்தனைகள். அம்மாவுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். அதனால் அறை கக்கூஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் நாற்றம் வரும் தூரத்தில் இருக்கக் கூடாது. ஆறு வயசுத் தம்பி உருண்டு விழுவான், மேல் படுக்கை வேண்டாம். சன்னல் கட்டாயம். ஒருநாள் அப்பா விசாரித்துவந்து, கப்பல் சன்னல் திறக்காது, கண்ணாடி மட்டும்தான் என்றார்.

"தொறக்காத சன்னல் என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

"கடல் பாக்கியதுக்கு."

"கடலு பாக்க மேல போயி நிக்கப்பிடாதா? எனக்குக் காத்து வேணும்."

"காத்துக்கு ஏசி உண்டு."

"ஏசி காத்து எனக்குப் பிடிக்காது."

இது ஒருநாள் நடந்த பேச்சல்ல. வரிசை மாறாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும். நான் அடுக்களைப் படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை தோல் உரித்தபடி, அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். தப்பியதே இல்லை.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்காவைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அத்தை என்று கூப்பிடுவதில்லை, மாமிதான். மாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நர்ஸுகளுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்குச் சோறு என்று வீட்டில் ஆயிரம் இருக்கும். மாமிக்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் தங்கள் நைட் டூட்டியை மாமியோடு மாற்றிக்கொள்வார்கள். மாதத்தில் இருபது நாளாவது மாமி காலை ஒன்பது மணி பஸ்ஸில்தான் வீடு வருவாள். குளித்து, அம்மா சூடாக்கி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நடுமுறியில், நடு அறையில்தான், கேன்வாஸ் கட்டிலை விரிப்பாள்.

எங்கள் வீடு நேமத்தில், நாகர்கோயில் பஸ்கள் போகிற மெயின் ரோட்டை ஒட்டி. மொத்தம் மூன்று முறி, ஓர் அடுக்களை. முன்முறியிலிருந்து அடுக்களைக்குப் போனாலும், படுக்கைமுறியிலிருந்து கிணற்றடிக்குப் போனாலும் மாமியின் கட்டிலைச் சுற்றித்தான் போக வேண்டும். தையல் மெஷின் அங்கேதான். டிவி அங்கேதான். கேஸ் சிலிண்டர் அந்த வழியாகத்தான் உருண்டு போகும். மாமி ஒரு நனைந்த துவர்த்துத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு, தலையணையைக் காதுக்கு மேலே வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி கிடப்பாள். அந்தத் துவர்த்தின் டெட்டால் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. தம்பியும் நானும் ஓடினால் அம்மா கிணற்றடியிலிருந்து, "சத்தம் போடாதீங்க பிள்ளியளே, மாமி ஒறங்குகாள்லா" என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரிக் கத்துவாள். அதில் மாமி எழுந்துவிடுவாள்.

மாமி கோபித்ததில்லை. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வரைபடம் வந்து பத்து நாளிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனைக்குப் போய்வந்து அப்பாவும் அம்மாவும் மேசையில் குனிந்து நிற்கிறார்கள். மாமி கட்டிலிலிருந்து எழுந்து, கொண்டையை முடிந்தபடி வந்து, அடித்தட்டின் நடுவே இருந்த ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள்.

"எனக்கு இது மதி," என்றாள்.

போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் 'மதி'தான். அப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, அது அடித்தட்டு. உள்பக்க ரூமு. ரெண்டு படுக்கை உண்டு, ஆனா அங்க ஒருத்தரும் போகமாட்டாங்க. நாலு பக்கமும் சுவரு. சன்னல் கெடையாது."

"அதுக்குத்தான் சொல்லுகேன்."

அப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அக்கா தனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சின்ன வயதில் தகப்பன் போனபிறகு மாமி வேலைக்குப் போய்த்தான் அப்பாவைப் படிக்கவைத்தாள். அந்தக் கடன் அவர் தொண்டையில் எப்போதும் ஒரு மீன்முள்ளாக இருந்தது. "இத்தனை நாள் நீ விட்டுக்குடுத்தது காணாதா?" என்று சொல்லிவிட்டு, எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

அம்மாவுக்கு வேறு மாதிரித் தோன்றியது. மாமியை அவள் மைனி என்றுதான் சொல்வாள். அன்று மத்தியானம் அடுத்த வீட்டு அக்காவிடம் மதில் வழியாகச் சொன்னாள். "மைனிக்கு மனசுல என்னமோ உண்டு. நாளைக்கு சபையில நாலு பேரு என்னத்தான் கேப்பாங்க, நீங்கெல்லாம் வெளிச்சத்துல இருந்துட்டு அவியள இருட்டுல கொண்டு போட்டியளான்னு."

இப்படியாக மாமி கேட்டது ஒன்று, ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டது வேறு. அதற்கப்புறம் அப்பா முழு வரைபடத்தையும் மாமிக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மேல்தட்டில் கடலைப் பார்த்த இரண்டு அறை, அடுத்தடுத்து. ஒன்றில் அப்பா, அம்மா, தம்பி. இன்னொன்றில் மாமியும் துணைக்கு நானும். மாமிக்குச் சன்னலோரப் படுக்கை. தினமும் சாயங்காலம் மாமி டூட்டிக்குக் கிளம்பும்போது அப்பா அதைச் சொல்வார். தினமும் மாமி, "எனக்குக் கீழ ரூமு மதி தம்பி," என்பாள்.

"நீ சும்மா சொல்லுகே."

"நான் சும்மா சொல்லல்ல."

"ஒனக்கு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா."

"என்ன ஆசைன்னு கேட்டியா?"

"கடலு பாத்துட்டே போகலாம், கேட்டியா? காலைல கண்ணு முழிச்சா தண்ணி."

ஒருநாள் மாமி பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று, "நான் தமிழ்லதானே சொல்லுகேன்?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். அது விளையாட்டுக்குச் சொன்னது என்று நினைத்தார். அடுத்தநாள் ஒரு படி மேலே போய், "நீ அப்படித்தான் அடம்பிடிப்பேன்னா, நாங்களும் எல்லாரும் கீழயே வந்துடுகோம். நாலு படுக்கை ரூமு அங்க உண்டு. ஒன்ன மட்டும் தனியா விடமாட்டேன்," என்றார்.

எல்லோரும் கீழே போனால் எனக்கும் சன்னல் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நான் சன்னல் வழியாகப் பறக்கும் மீனைப் பார்க்கப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு வரவும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் ஏஜென்சி கிழக்கேகோட்டையில், ஒரு குடைக்கடையின் மாடியில். அப்பா அங்கே போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப்போவார். ஐந்து தடவை போயிருப்போம். படியேறும்போதே புதுக்குடைத் துணியின் வாசனை வரும். ஏஜென்சிக்காரர் கனத்த மனிதர், பொறுமைசாலி. ஆனால் நாலாவது தடவையோடு அவருடைய பொறுமை தீர்ந்துவிட்டது. எங்களைக் கண்டதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

"சாரே," என்றார், "கப்பலு போயி, திரும்பி வந்து, பெயின்ட்டும் அடிச்சு நிறுத்தியாச்சு. சாரு இன்னும் ரூமு எடுக்கலை."

ஐந்தாவது தடவை போவதற்கு முந்தின நாள், மாமி கிணற்றடியில் வைத்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்: "மக்களே, நாளைக்கு அப்பாகூட நீயும் போறேல்லா? ஒனக்க அப்பாவுக்குக் காது கேக்காது. அந்த ஆளுகிட்ட நீ சொல்லு. மாமிக்குக் கீழ ரூமு மதி. தனியா மதி."

"சரி மாமி."

"என்ன சொல்லுவே?"

"மாமிக்குக் கீழ ரூமு மதி. தனியா மதி."

"அதுதான். வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

அடுத்தநாள் ஏஜென்சிக்காரர் பேனாவைத் திறந்து, இன்றைக்கு எழுதாமல் விடமாட்டேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்தார். "அந்த சேச்சிக்கு எந்த ரூமு வேணுமாம்? அவங்களக் கேட்டாச்சோ?" என்றார். அப்பா பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்தார். அவருக்கே சலித்துப்போயிருக்க வேண்டும். "நீ சொல்லு மக்களே. மாமி ஒன்கிட்ட என்னதான் சொன்னா?" என்றார்.

மின்விசிறி தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பச்சைத் தண்ணீரும் வெள்ளை மணலுமாக ஒரு படம். நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மாமிக்குச் சன்னல் வேணுமாம். கேக்கதுக்குக் கூச்சம்."

அப்பாவின் முகம் மலர்ந்ததே, அப்படி. இத்தனை நாளாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருத்தி சாட்சி சொல்லிவிட்டாள். "நான் சொன்னேன்லா," என்று ஏஜென்சிக்காரரிடம் சொன்னார். அவர் எழுதி முடித்து, ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். வரும் வழியில் அப்பா எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

புறப்படும் நாளுக்கு முந்தின ராத்திரிவரை மாமிக்கு டூட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்து எங்களோடு ரயிலேறினாள். ரயிலில் தம்பி மடியில் ஏறி உட்கார்ந்து முறுக்கு தின்றான். கொச்சியில் கப்பலைப் பார்த்ததும் அப்பா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக் கப்பல், புதுப் பெயின்ட்டும் டீசலும் கலந்த வாசனை, ஒலிபெருக்கியில் மலையாளத்தில் அறிவிப்பு. அப்பா முன்னே போய், வரைபடத்தைப் பார்க்காமலே, இடது பக்கம், ஏழாவது கதவு என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அறைக் கதவைத் திறந்து, திரைச்சீலையை இழுத்தார்.

சன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம்.

ஆபத்துக்கு இறக்குகிற படகு ஒன்று அந்தச் சன்னலுக்கு நேராகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிறுதான் தெரிந்தது. கடலில் ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. ஒரு மாத வேலை, இரண்டு ரப்பர், ஐந்து தடவை கிழக்கேகோட்டை. வரைபடத்தில் படகு போட்டிருக்கவில்லை. அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்து மேலேயும் கீழேயும் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமிக்கும் எனக்கும் கொடுத்த அறையின் சன்னலில் படகு இல்லை. அதனால் எல்லோரும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். மாமியின் படுக்கைதானே சன்னலோரம்? தம்பி அதில் ஏறிக் குதித்தான். அம்மா வாந்திக்குப் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு அதில் சாய்ந்தாள். அப்பா, "பாரு அக்கா, பாரு," என்று ஒவ்வொரு அலையையும் காட்டினார். மாமி கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே நடைபாதை. சீட்டு விளையாடுகிறவர்கள், குழந்தைகள், சுற்றிச் சுற்றி நடக்கிற புதுமணத் தம்பதிகள். விடிய விடிய அங்கே ஒரு விளக்கு எரிந்ததாம், திரைச்சீலை அதற்குப் போதவில்லையாம். எனக்குத் தெரியாது, நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் விழித்தபோது மாமி முதல்நாள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது. பறக்கும் மீனும் வரவில்லை.

தீவுக்கு முன்னால் கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டது. அதன் விலாவில் ஒரு கதவைத் திறந்து, சின்னப் படகில் ஒவ்வொருவராக இறக்கினார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டியாயிற்று. மாமி மட்டும் வாங்கவில்லை.

"நான் வரல்ல, நீங்க போயிட்டு வாங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றார் அப்பா.

"ஆமா."

"அக்கா, அது பவளத்தீவு."

"இருக்கட்டு."

பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது. அப்பா படகில் இறங்கினார். அன்று முழுவதும் தீவில் அவர் முகம் சரியில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகில் கூட்டிப்போனார்கள். நீலமும் மஞ்சளுமாக மீன்கள் காலுக்குக் கீழே போயின. அப்பா ஒவ்வொன்றையும் பார்த்து, "இத அக்கா பாக்கல்லியே," என்றார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பச்சையாக ஒரு தண்ணீர் இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாமல் நெஞ்சுக்குள் என்னவோ அரித்தது. ஏஜென்சியிலிருந்து வரும் வழியில் குடித்த சர்பத் ஞாபகம் வந்தது.

மூன்று மணிவாக்கில் கப்பலுக்குத் திரும்பினோம். அப்பா மாமிக்கென்று நாலு சிப்பி பொறுக்கி வைத்திருந்தார். எங்கள் அறைக்கதவைத் திறந்தால் மாமி இல்லை. சாப்பாட்டு ஹாலில் இல்லை. மேலே திறந்த தட்டில் இல்லை. குளியலறைப் பக்கம் இல்லை. அப்பா திரும்ப அறைக்கு ஓடிவந்து, சன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கடலைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். எல்லோரும் ஒன்றையேதான் நினைத்தோம். அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "நான்தான் மைனியப் பத்தி மதில்ல நின்னு பேசினேன். என் நாக்கு அவிஞ்சு போகட்டு," என்றாள். நான் சொன்ன பொய்யால்தான் மாமி செத்துப்போனாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கப்பல் ஆபீஸுக்குப் போனார். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி சாவிப் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நர்ஸு சேச்சியா? காலைல வந்து, கீழ காலி ரூமு ஏதாவது உண்டோன்னு கேட்டாங்க. சாவி குடுத்தேன்," என்றார்.

இரண்டு தட்டு இறங்கினோம். இறங்க இறங்கக் குளிர்ந்தது, மேலே இருந்த இரைச்சல் நின்றுபோய், என்ஜினின் ஒரே சீரான உறுமல் மட்டும் கேட்டது. நீளமான வழி, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். அதிகாரி சொன்ன எண் போட்ட கதவை அப்பா கையால் தட்டினார். பிறகு இரண்டு கையாலும் தட்டினார். ரொம்ப நேரத்துக்குப் பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மாமி நின்றாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் போர்வையின் மடிப்பு பதிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் அப்படி ஓர் இருட்டு. நான் பிறந்ததிலிருந்து அவள் முகம் அவ்வளவு இறுக்கம் தளர்ந்து, அவ்வளவு நன்றாக இருந்து பார்த்ததில்லை.

"கடல்லதான் விழுந்துட்டியோன்னு..." என்றார் அப்பா.

"நான் என்னத்துக்குக் கடல்ல விழணும்? எனக்கு ஒறக்கம் வந்தது."

"ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கப்பிடாதா அக்கா?"

"எழுதி வச்சேன். தலையணை மேல. நீங்க எல்லாரும் வந்து சன்னலப் பாத்திருப்பிய."

பின்னால் தம்பியோடு வந்து சேர்ந்த அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்து, அப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி, "இங்க சன்னலே இல்லியே," என்றார்.

"ஆமா," என்றாள் மாமி. பிறகு நிதானமாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள். "பதிமூணு வருஷமாச்சு தம்பி, ஒருத்தரும் எழுப்பாம நான் ஒரு பகல் ஒறங்கி. இன்னைக்கு ஒறங்கிடலாம்னு நினைச்சேன். இன்னைக்கும் நீ எழுப்பியாச்சு."

மீதி மூன்று நாளும் மாமி அந்த அறையில்தான் இருந்தாள். பசித்தால் மேலே வருவாள், மீன்குழம்பு ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவாள், கொஞ்சம் காற்றில் நிற்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் அம்மா என் காதில், "மைனிக்குப் பத்து வயசு கொறஞ்சாப்ல இல்ல?" என்றாள். கொஞ்சம் குறைபட்டுக்கொள்கிற மாதிரியே சொன்னாள்.

இத்தோடு அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். புரிந்தது, பாதி. ஊருக்கு வந்த மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டார். அக்காவுக்கென்று தனியாக ஒரு முறி. ஆபீஸில் கடன் போட்டு, முன்பக்க முற்றத்தில், மெயின் ரோட்டைப் பார்த்து எடுத்தார். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று மூன்று சன்னல் வைத்தார். ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஓணத்துக்கு வேலை முடிந்து, போதகர் வந்து ஜெபம் செய்து கொடுத்தார். மாமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு தம்பி," என்றாள். நாகர்கோயில் பஸ் ஒவ்வொன்றும் அந்தக் கண்ணாடிகளை நடுங்க வைத்துவிட்டுப் போயிற்று.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் மாமி ஆஸ்பத்திரி நர்ஸ் குவார்ட்டர்ஸில் அறை எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, ஒரு கசந்த வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அப்பா சாகும்வரை வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், மூன்று சன்னல் வைத்துக் கொடுத்தேன், இருக்கவில்லை என்று. எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரம் வரும். வயதான பிறகுதான், அவருக்குக் கொடுக்கத் தெரிந்தது சன்னல் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதுவும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மாமி போன அடுத்த மாதம் அப்பா ஸ்கூட்டரில் என்னைக் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போனார். அம்மா கொடுத்தனுப்பிய அப்பமும் கறியும் என் கையில். அப்பா ஸ்கூட்டரை ஓரத்தில் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் மாடியேறிவிட்டேன். சின்ன அறை. ஒரு சன்னல் இருந்தது. மாமி அதன்மேல் பழுப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தாள். பகல் பதினோரு மணிக்கு உள்ளே சாயங்காலமாக இருந்தது. மாமி பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, கட்டிலில் சுவரோரமாக நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஏஜென்சியில் நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, மாற்றிச் சொன்னேன், எனக்குச் சன்னல் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று. சொல்லும்போது அழுதேன்.

மாமி கடைசிவரை கேட்டாள். கையை நீட்டி என் பாவாடையில் ஒட்டியிருந்த அப்பத்துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"அது கெடக்கட்டு," என்றாள். "இன்னைக்கு டூட்டி உண்டு. கொஞ்சம் ஒறங்கணும். போகும்போ கதவச் சாத்திட்டுப் போ மக்களே."

கோபமா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதிலும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். நான் வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். படியில் அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார்.

"முழிச்சிருக்காளா? ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடுகேன். ரூமுல காத்து வருதான்னு பாக்கணும்."

நான் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு படியின் நடுவில் நின்றேன்.

"வேண்டாம்ப்பா."

"ஒரு நிமிஷம்தானே."

"வேண்டாம்."

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. திரும்பி, செருப்புச் சத்தம் கேட்காமல் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி இறங்கத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால் இறங்கினேன்.